துரு தின்ற தொட்டிக்கு ஃபைபர் கவசம்

கோட்டுகால் ஊராட்சியின் கடலோரத்தில் உள்ள அடிமலத்துறையிலும் பக்கத்து விழிஞ்ஞத்திலும் கரையேறி நிற்கும் படகுகளில் ஃபைபர் வள்ளங்களுக்குப் பஞ்சமில்லை. அடிப்பாகம் பாறையில் உரசி விரிசல் விட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது இந்தக் கரையில் பலருக்கும் கைவந்த வேலை. விரிசலைச் சுற்றித் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். கண்ணாடி இழை விரிப்பான 'மேட்'டை அளவுக்கு வெட்டி வைப்பார்கள். ரெசினில் ஹார்டனர் கலந்து, மேட்டில் ஊறும்படி தடவி, ரோலரை உருட்டிக் காற்றுக் குமிழ்களை விரட்டுவார்கள். சில மணி நேரத்தில் அந்த இடம் கல்லாக இறுகிவிடும்.

இதே கண்ணாடி இழையும், இதே குடும்பத்தைச் சேர்ந்த ரெசினும், இதே ரோலரும் வேறொரு வேலையையும் செய்கின்றன. அமிலமும் எண்ணெயும் கழிவுநீரும் தேக்கிவைக்கும் பெரிய எஃகுத் தொட்டிகள் துருப்பிடித்து மெலியும்போது, வெல்டிங் வைக்காமலே அவற்றுக்கு மறுவாழ்வு தருகின்றன. வள்ளத்தில் ஒட்டு தவறினால் தண்ணீர் உள்ளே வரும். தொட்டியில் தவறினால் அமிலம் வெளியே வரும். அதனால்தான் தொட்டி வேலைக்குக் கைப்பழக்கம் மட்டும் போதாது. அளவீடும் கணக்கும் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

கோட்டுகாலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வடமேற்கே, கொச்சுவேளியில் திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை இருக்கிறது. 1946-ல் திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில் தொடங்கப்பட்டு, 1951-ல் உற்பத்திக்கு வந்த நிறுவனம் இது. கடற்கரைக் கருமணலிலுள்ள இல்மனைட்டை அடர் கந்தக அமிலத்தில் கரைத்து, பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடைப் பிரித்தெடுப்பது இங்குள்ள முறை. கந்தக அமிலம் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. தெற்கே குமரி மாவட்டம் வரை பரவிக் கிடக்கும் ரப்பர் தோட்டங்களை நம்பி இயங்கும் லேடெக்ஸ் ஆலைகளும் பால் கெடாமலிருக்க அம்மோனியாவையும், மிஞ்சும் ஸ்கிம் பாலைத் திரிக்கக் கந்தக அமிலத்தையும் பயன்படுத்துகின்றன. அரிக்கும் பொருள் உள்ளே, உப்புக் காற்று வெளியே என்று இரண்டு பக்கமும் அடி வாங்கும் தொட்டிகள் இந்தக் கடலோரத்தில் உண்டு.

அந்த அடி கடலையும் தொடும். 2021 பிப்ரவரி 10 அன்று இதே டைட்டானியம் ஆலையில் ஃபர்னஸ் ஆயில் செல்லும் குழாய் உடைந்து, எண்ணெய் ஓடை வழியாகக் கடலில் கலந்தது. வேளி, சங்குமுகம் கரைகளில் கறுப்பு எண்ணெய் படிந்தது. எண்ணெய் ஊறிய மணலை அள்ளி அகற்ற வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2018 ஜூன் மாதம், மூடப்பட்டிருந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் கந்தக அமிலச் சேமிப்புத் தொட்டியில் கசிவு கண்டறியப்பட்டது. மாவட்ட நிர்வாகம் அமிலத்தை டேங்கர் லாரிகளில் ஏற்றி வெளியேற்றியது. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தொட்டிக்கு ஓய்வில்லை என்பதைத் தூத்துக்குடி காட்டியது.

அமிலம் எஃகை விட்டுவைப்பது எப்போது?

கந்தக அமிலத்தை எஃகுத் தொட்டியில் வைக்க முடியும் என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். 93 முதல் 98 சதவீதம் வரை அடர்த்தியுள்ள அமிலம் சாதாரண எஃகைத் தொட்டதும் இரும்பு சல்பேட் என்ற மெல்லிய படலம் உருவாகிறது. அந்தப் படலமே மேற்கொண்டு அரிப்பு நடக்காமல் எஃகைக் காக்கிறது. அதனால் உலகெங்கும் அடர் கந்தக அமிலம் எஃகுத் தொட்டிகளில்தான் சேமிக்கப்படுகிறது.

ஆபத்து தண்ணீரோடு வருகிறது. கந்தக அமிலம் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். அமிலத்தை வெளியே எடுக்கும்போது தொட்டி மேற்புறத் துவாரம் வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது. கேரளக் கடலோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. சுவரின் மேற்பகுதியில் ஒட்டியிருக்கும் மெல்லிய அமிலப் பூச்சு அந்த ஈரத்தைக் குடித்து நீர்த்துப்போகிறது. நீர்த்த அமிலத்தில் பாதுகாப்புப் படலம் நிற்காது. எஃகு வேகமாகக் கரையும். கூடவே ஹைட்ரஜன் வாயு பிறக்கும். அதன் குமிழ்கள் ஆள் நுழையும் துவாரங்களின் மேல்வளைவையும் சுவரையும் ஒட்டி ஏறும்போது, அந்தத் தடத்திலுள்ள படலத்தைச் சுரண்டிக்கொண்டே போகும். நாளடைவில் எஃகில் நேர்நேராகப் பள்ளங்கள் விழும். உள்ளே வரும் குழாயில் அமிலத்தின் வேகம் கூடினாலும் இதே கதைதான்.

எண்ணெய்த் தொட்டிகளுக்கு வேறு நோய். எண்ணெயோடு வரும் நீர் அடியில் தங்கி உள்ளிருந்து அரிக்கும். அடித்தகட்டுக்குக் கீழே புகும் மழைநீர் வெளியிலிருந்து அரிக்கும். அடித்தகட்டின் கீழ்ப்பக்கத்தை யாரும் பார்க்க முடியாது. கசிவு தெரியவரும்போது மண்ணும் கிணறும் கெட்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் சாட்சி. 2014 ஜனவரி 9 அன்று சார்ல்ஸ்டன் நகரில் ஃப்ரீடம் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ரசாயனத் தொட்டியிலிருந்து நிலக்கரி கழுவப் பயன்படும் திரவம் எல்க் ஆற்றில் கலந்தது. சுமார் 3 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீர் தடைசெய்யப்பட்டது. அந்நாட்டின் ரசாயனப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது, தொட்டியின் அடித்தகட்டில் குழியரிப்பால் விழுந்த இரண்டு சிறு ஓட்டைகளே காரணம் என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்கும் குறைவு.

வெல்டிங் ஏன் எப்போதும் வழியல்ல?

மெலிந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வது பழகிய வழி. இன்றும் பல இடங்களில் அதுவே சரியான வழி. ஆனால் வெல்டிங்குக்குத் தீப்பொறி வேண்டும். தொட்டியை முழுக்கக் காலி செய்து, கழுவி, வாயு இல்லை என்று சோதித்த பிறகே தீயைப் பக்கத்தில் கொண்டுவர முடியும். அமிலத் தொட்டியில் ஹைட்ரஜன், எண்ணெய்த் தொட்டியில் ஆவி. இரண்டுமே ஒரு பொறிக்குக் காத்திருப்பவை.

2001 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் டெலவேர் சிட்டியில் மோட்டிவா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அதுதான் நடந்தது. பயன்படுத்திய கந்தக அமிலம் நிறைந்த தொட்டிகளுக்கு மேலே போகும் நடைபாதையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமிலத்தில் எண்ணெய்ப் பொருட்கள் கலந்திருந்தன. அரித்துப்போன கூரையிலும் சுவரிலும் இருந்த ஓட்டைகள் வழியாக எரியக்கூடிய ஆவி வெளியேறியது. பொறி பட்டது, தொட்டி வெடித்துச் சரிந்தது. ஒரு தொழிலாளி இறந்தார். 8 பேர் காயமடைந்தார்கள். அமிலம் டெலவேர் ஆறு வரை பாய்ந்தது.

விசாரணை அறிக்கையில் கவனிக்க வேண்டிய வரி வேறொன்று. 1998 முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொட்டியின் சுவரில் கசிவு கண்டறியப்பட்டிருந்தது. ஒட்டுப் போட்டுச் சமாளித்தார்கள். உள்ளே இறங்கிச் சோதிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதிக் கொடுத்தும் அது தள்ளிப்போடப்பட்டது. ஃபைபர் பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாத பாடம் இது. தீப்பொறி இல்லாத ஒட்டு பெரிய வசதி. அளந்து பார்க்காமல் போடும் ஒட்டு, நோயை மூடி மறைக்கும் துணி.

இழையும் பிசினும் சேரும்போது

காம்போசிட் என்பது இரண்டு பொருட்களின் கூட்டு. இழை வலிமை தருகிறது. ரெசின் எனப்படும் பிசின் இழைகளைப் பிணைத்து, திரவம் உள்ளே போகாமல் தடுக்கிறது. தொட்டி வேலைக்குப் பெரும்பாலும் கண்ணாடி இழைதான். பிசினைத் தேர்வு செய்வதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. படகுக்குப் போதுமான சாதாரண பாலியெஸ்டர் ரெசின் அமிலத்தில் நிற்காது. நீர்த்த அமிலங்களுக்கும் கழிவுநீருக்கும் வினைல் எஸ்டர். எண்ணெய்க்கும் எஃகில் இறுகப் பிடிக்கவும் எபாக்சி. இப்படித் திரவத்தையும் வெப்பத்தையும் பார்த்துப் பிசின் மாறும்.

இங்கே ஒரு முரண் உண்டு. நீர்த்த கந்தக அமிலத்தை எஃகு தாங்காது, வினைல் எஸ்டர் தாங்கும். 98 சதவீத அமிலத்தை எஃகு தாங்கும், வினைல் எஸ்டர் தாங்காமல் கருகிப்போகும். எனவே 'அமிலத் தொட்டிக்கு ஃபைபர் அடிக்கலாமா?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி என்று கேட்காமல் ரெசின் விற்பவர் நல்ல ஆலோசகர் அல்ல.

அடுத்த கேள்வி பலத்தைப் பற்றியது. 10 மீட்டர் உயரத்துக்கு அடர் கந்தக அமிலம் நின்றால் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 18 டன்னுக்கு மேல் பாரம் அழுத்தும். தண்ணீராக இருந்தால் 10 டன். இவ்வளவையும் தாங்குவது சுவரின் கீழ்ப்பட்டை. அது மெலிந்த பிறகு மேலே கண்ணாடி இழை சுற்றினால் பாரம் தானாகவே ஃபைபருக்கு மாறிவிடாது. கையால் அடுக்கும் கண்ணாடி இழை லேமினேட்டின் விறைப்பு எஃகின் விறைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இரண்டும் ஒட்டியிருக்கும்போது விறைப்பான எஃகே பாரத்தின் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள எஃகு எவ்வளவு, ஃபைபர் எத்தனை அடுக்கு என்று பொறியாளர் கணக்கிட்டுத்தான் தீர வேண்டும். கார்பன் இழை இந்த இடைவெளியைப் பெருமளவு குறைக்கும். ஆனால் விலை அதிகம், மின்சாரத்தையும் கடத்தும். எஃகில் நேரடியாகப் பட்டால் அதுவே புது அரிப்பைத் தூண்டும் என்பதால், நடுவில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்றை வைப்பார்கள்.

அடித்தகட்டின் கணக்கு இதைவிட எளிது. அது தரையில் படுத்திருப்பதால் பாரத்தை மண் தாங்குகிறது; தகட்டின் வேலை கசியாமல் தடுப்பது. ஃபைபர் மிக நன்றாகச் செய்யும் வேலையும் அதுவே. தொட்டி ஆய்வுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் ஏபிஐ 653 என்ற அமெரிக்க விதி இதற்குத் தெளிவான எண் தருகிறது. கசிவைக் கண்டறியும் ஏற்பாடு இல்லாத தொட்டியில், அடுத்த ஆய்வு வரும் நாளிலும் அடித்தகடு குறைந்தது சுமார் 2.5 மில்லிமீட்டர் மிச்சமிருக்க வேண்டும். முறைப்படி இழை வலுவூட்டிய லைனிங் போட்டிருந்தால் சுமார் 1.25 மில்லிமீட்டர் போதும். 6 மில்லிமீட்டர் தகடாக வாழ்க்கையைத் தொடங்கும் ஒரு தொட்டிக்கு இந்த வேறுபாடு பல ஆண்டு ஆயுள்.

முதல் அடுக்குக்கு முன்பே முடிவாகும் வெற்றி

வேலை அளவீட்டில் தொடங்குகிறது. அல்ட்ராசோனிக் கருவியை வைத்துத் தகட்டின் தடிமனைப் புள்ளி புள்ளியாக எடுப்பார்கள். அடித்தகடு முழுவதற்கும் காந்தப்புலக் கசிவை அளக்கும் வண்டியை ஓட்டி, கீழ்ப்பக்கக் குழிகளையும் கண்டுபிடிப்பார்கள். ஓட்டை விழுந்த இடங்களையும் வளரக்கூடிய விரிசல்களையும் தனியே குறிப்பார்கள். வளரும் விரிசலுக்கு மேலே ஃபைபர் ஒட்டுவது ஏமாற்று வேலை; அங்கே எஃகையே சரிசெய்ய வேண்டும்.

பிறகு பிளாஸ்டிங். அழுத்தக் காற்றோடு கூர்மையான துகள்களை அடித்து, எஃகு வெள்ளைக்கு அருகில் பளிச்சென்று தெரியும்வரை துருவை எடுப்பார்கள். உலகத் தர அளவில் இதற்கு எஸ்ஏ இரண்டரை என்று பெயர். துரு போனால் மட்டும் போதாது. பிசின் பிடிக்கச் சொரசொரப்பும் வேண்டும். வழவழப்பான எஃகில் ஒட்டிய ஃபைபர் பார்க்க அழகாக இருக்கும், சில மாதத்தில் தகடு தகடாக உரியும்.

விழிஞ்ஞம் போன்ற கரையில் இரண்டு எதிரிகள் கூடுதலாக உண்டு. ஒன்று உப்பு. பிளாஸ்டிங் முடிந்து பளபளக்கும் எஃகின் குழிகளிலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு தங்கியிருக்கும். அதன் மேல் லைனிங் போட்டால், உப்பு பிசின் வழியாக மெல்ல மெல்ல ஈரத்தை உறிஞ்சும். கீழே நீர் சேர்ந்து கொப்புளம் கிளம்பும். அதனால் நல்ல நீரால் கழுவி, உப்பின் அளவைச் சோதித்து, மறுபடி பிளாஸ்டிங் செய்வார்கள். இரண்டாவது எதிரி பனி. எஃகின் வெப்பம், காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால்தான் ரெசினைத் தொடலாம் என்பது நடைமுறை விதி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்த விதி பல நாள் வேலையை நிறுத்திவிடும். தொட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைக்கிறவர்களும் உண்டு. மழை ஓயும்வரை காத்திருக்கிறவர்களும் உண்டு. ஒப்பந்தத் தேதிக்காக ஈரத்தில் ரெசின் பூசுவதைவிட இரண்டுமே மலிவு.

இதற்கெல்லாம் பிறகுதான் பிரைமர், குழிகளை நிரப்பும் புட்டி, மேட், இழை நெசவான ரோவிங், மேலே அமிலத்தைச் சந்திக்கும் மெல்லிய இழைத் திரை என்று அடுக்குகள் ஏறுகின்றன. இறுகிய பின் கடினத்தன்மையைச் சோதிப்பார்கள். உயர் மின்னழுத்தம் பாயும் தூரிகையை மேலே நகர்த்துவார்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பொறி தெறித்துக் காட்டிக்கொடுக்கும். ஓரிரு இடங்களில் சிறு உலோகக் குமிழை ஒட்டிப் பிடுங்கிப் பார்த்து, எவ்வளவு விசையில் பெயர்கிறது என்று குறித்துவைப்பார்கள்.

தொழிலாளியின் மூச்சு

பாலியெஸ்டரிலும் வினைல் எஸ்டரிலும் உள்ள கூர்மையான வாடை ஸ்டைரீன் என்ற திரவத்துடையது. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் சேமிப்புத் தொட்டியிலிருந்து ஆவியாகக் கிளம்பி 12 பேரின் உயிரைப் பறித்தது இதே ஸ்டைரீன்தான். அங்கே இருந்தது பெருந்தொட்டி, இங்கே இருப்பது சில வாளிகள். ஆனால் மூடிய தொட்டிக்குள் சில வாளிகளும் அதிகம். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. அடியில் தேங்கும், தீயும் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2018-ல் கூடிய தன் நிபுணர் குழுவின் முடிவுப்படி, ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் தரும் வாய்ப்பு அதிகம் என்ற வகைக்கு உயர்த்தியிருக்கிறது.

ஹார்டனரும் விளையாட்டுப் பொருள் அல்ல. ரெசினை இறுக வைக்கும் பெராக்சைடையும், வேகமூட்டும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். படகுத் துறையில் திறந்தவெளியில் வேலை செய்து பழகியவர் தொட்டிக்குள் இறங்கும்போது விதிகள் மாறுகின்றன. உள்ளே ஆக்சிஜனும் வாயுவும் சோதித்த அனுமதிச் சீட்டு, காற்றை உள்ளே தள்ளும் விசிறி, ஆவியை வடிகட்டும் முகக்கவசம், வாசலில் கண் எடுக்காமல் நிற்கும் ஓர் ஆள் ஆகிய நான்கில் ஒன்று இல்லை என்றாலும் தொழிலாளி இறங்க மறுக்கலாம், மறுக்க வேண்டும். தினக்கூலிக்கு வருகிறவரும் அப்படி மறுக்க முடிகிற சூழலை உருவாக்குவது ஆலையின் பொறுப்பு.

கையருகே இருக்கும் அறிவு

ஃபைபர் அறிவு திருவனந்தபுரம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1963-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏறியது. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்த எஸ்எல்வி-3 ராக்கெட்டின் மேல்நிலை மோட்டார்களுக்கு இழை வலுவூட்டிய பிளாஸ்டிக் உறைகள் பயன்பட்டன. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் காம்போசிட் பிரிவு இன்றும் வட்டியூர்க்காவில் இயங்குகிறது. அரிப்பு ஆய்வுக்கோ, வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. எந்த ஊர்க் காற்றில் எஃகு எவ்வளவு வேகத்தில் அரிக்கும் என்று இந்தியாவுக்கே வரைபடம் தயாரித்தவர்கள் அங்குள்ள விஞ்ஞானிகள்.

அரிப்பின் செலவு சிறியதல்ல. சர்வதேச அரிப்புப் பொறியாளர் அமைப்பாக அப்போது இருந்த நேஸ் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, உலக அளவில் ஆண்டுக்கு 2.5 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அது உலகின் மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம்.

வட்டியூர்க்காவில் ராக்கெட்டுக்கு ஃபைபர் சுற்றும் துல்லியமும், அடிமலத்துறையில் வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டும் கைப்பழக்கமும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் சந்திப்பது அரிது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்து இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் லேமினேட் அடுக்குதல், தடிமன் அளத்தல், மூடிய இடத்துப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கற்றுத் தந்து சான்றிதழ் கொடுத்தால், படகுத் துறையில் பழகிய கைகள் தொட்டி வேலைக்கும் தகுதி பெறும். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய்த் தொட்டிகளும் குழாய்களும் இந்தப் பக்கம் இனிப் பெருகக்கூடும். அவற்றைப் பராமரிக்க உள்ளூரில் ஆள் வேண்டும்.

ஆலை நிர்வாகங்கள் செய்ய வேண்டியதும் தெளிவானது. காம்போசிட் பழுதுபார்ப்புக்கான ஐஎஸ்ஓ 24817 தரம், ஒவ்வொரு பழுதுக்கும் 2 முதல் 20 ஆண்டு வரை ஆயுளை முன்கூட்டியே வரையறுக்கச் சொல்கிறது. எனவே ஒப்பந்தக்காரர் பில் கொடுக்கும்போது அதோடு வர வேண்டிய தாள்கள் இவை: பழுதுக்கு முன் எடுத்த தடிமன் அளவுகள், பயன்படுத்திய ரெசினின் பெயரும் தொகுதி எண்ணும், பூசிய நாளின் ஈரமும் வெப்பமும், கடினத்தன்மை, பொறிச் சோதனை முடிவுகள், வரையறுத்த ஆயுள், அடுத்த ஆய்வுத் தேதி. இந்தக் கோப்பு தொட்டியின் பெயரில் ஆலையிலேயே இருக்க வேண்டும். அடுத்த முறை தொட்டிக்குள் இறங்கும் ஆய்வாளர் அதைப் படித்த பிறகுதான் விளக்கைக் கையில் எடுப்பார்.